கத்தியின்றிக் கல் கரைத்தல்: பித்தப்பைக் கற்களுக்கான அறுவையற்ற மருத்துவத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பித்தப்பைக் கற்களை வயிற்றைத் திறக்காமல் நீக்கும் முயற்சி ஐரோப்பிய மருத்துவத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிதும் கைவிடப்பட்டது. அம்முயற்சி தோற்றமைக்குக் கரைப்பான்களின் குறைபாடு மட்டுமே காரணமன்று. கரைப்பான் கல்லைச் சென்றடையும் வழி, கல் மீண்டும் தோன்றும் இயல்பு, அறுவை மருத்துவமே தன் உருவை மாற்றிக்கொண்ட விதம் ஆகியனவும் காரணங்களாகும் என இக்கட்டுரை நிறுவ முயல்கின்றது. தென்னிந்தியச் சூழலில் இவ்வரலாறு பெறும் பொருத்தமும் இறுதியில் ஆராயப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: பித்தப்பைக் கல், கல்லடைப்பு, ஈதர், பித்த அமிலம், அதிர்வலை, கோரோசனை.

முன்னுரை

தமிழ் மருத்துவ வழக்கில் ‘கல்’ என்னும் நோய்ச்சொல் நெடுங்காலமாகச் சிறுநீர்ப் பாதையையே சார்ந்து நின்றது. கல்லடைப்பு என்றால் நீரை மறிக்கும் கல் என்றே பொருள். இதில் வியப்பில்லை. சிறுநீர்க் கல் தானே வெளியேறி நோயாளியின் கண்ணுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும். பித்தப்பைக் கல்லோ குடலுக்குள் இறங்கினாலும் மலத்துடன் கலந்து மறைந்துபோகும். இறந்தோர் உடலைத் திறந்து பார்க்கும் வழக்கம் வேரூன்றிய பின்னரே அக்கல் மருத்துவ நூல்களில் நிலையான இடம் பெற்றது. பிளாரன்ஸ் நகர மருத்துவர் அந்தோனியோ பெனிவியெனி இறந்தபின், 1507இல் அச்சான அவரது நூலில், உடற்கூறாய்வின்போது பித்தப்பையில் காணப்பட்ட கற்கள் பற்றிய குறிப்பு உள்ளது. அதாவது, மனிதரின் பித்தப்பைக் கல் முதலில் மருத்துவப் பொருளாக அன்று, பிணக்கூறாய்வின் பொருளாகவே அறிமுகமாயிற்று. கண்டறிந்தபோது நோயாளி உயிருடன் இல்லை. ஆதலால் மருத்துவம் என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

உயிருடன் இருப்பவரின் பித்தப்பைக் கல்லை என்செய்வது என்னும் கேள்வி எழுந்தபோது, கத்தியை எடுப்பது எவருக்கும் முதல் எண்ணமாக இருக்கவில்லை. மயக்க மருந்தும் நுண்ணுயிர் நீக்கமும் இல்லாத காலத்தில் வயிற்றறையைத் திறப்பது பெரும்பாலும் மரணத்தையே குறித்தது. ஆகவே அறுவையற்ற மருத்துவம் என்பது அறுவைக்கு மாற்றாகப் பின்னாளில் தோன்றியதன்று. அறுவைக்கு முன்னரே தோன்றியது. இவ்வரிசையை மனங்கொள்ளாமல் எழுதப்படும் மருத்துவ வரலாறுகள் பித்தப்பைக் கல்லின் கதையை அறுவை மருத்துவர்களின் வெற்றிக் கதையாகவே சுருக்கிவிடுகின்றன.

திஜோன் நகரத்து ஈதர்

பிரான்சின் திஜோன் நகரில் மருத்துவராகவும் வேதியியல் அறிந்தவராகவும் விளங்கியவர் ழான்-பிரான்சுவா துராந்து. பித்தப்பைக் கற்கள் சில கரைப்பான்களில் கரைவதை அவர் கண்ணாடிக் கலத்தில் கண்டறிந்தார். மூன்று பங்கு ஈதர், இரண்டு பங்கு கற்பூரத் தைலம் எனப்படும் டர்பன்டைன் ஆகியவற்றின் கலவையை நோயாளிகளுக்கு வாய்வழியே கொடுத்தார். இம்முறை பற்றிய அவரது நூல் 1790இல் வெளியாயிற்று. ‘துராந்து மருந்து’ என்னும் பெயரில் இக்கலவை 19ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய மருத்துவ நூல்களில் இடம்பெற்றது.

துராந்தின் நோக்கை இன்றைய அறிவைக்கொண்டு எள்ளி ஒதுக்குவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. கல்லின் வேதியியலை மருந்தின் அடிப்படையாகக் கொள்ளவேண்டும் என்னும் கருத்து அவர் காலத்துக்குப் புதியது. பித்தக்கல்லிலிருந்து ஆல்ககாலில் கரையும் மெழுகு போன்ற ஒரு பொருளைப் பாரிசின் புல்தியே தெ லா சால் 18ஆம் நூற்றாண்டில் பிரித்திருந்தார். 1815ஆம் ஆண்டையொட்டி அப்பொருளுக்குச் செவ்ரூல் ‘கொலஸ்டரீன்’ எனப் பெயரிட்டார்; கிரேக்கத்தில் பித்தம், திண்மை ஆகியவற்றைக் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை அது. இன்று குருதிச் சோதனைத் தாளில் நாம் காணும் கொலஸ்ட்ரால் என்னும் சொல் பித்தப்பைக் கல்லின் வயிற்றிலிருந்து பிறந்தது என்பதைப் பலரும் அறிவதில்லை.

துராந்தின் பிழை வேறிடத்தில் இருந்தது. கலத்தில் கல்லைக் கரைக்கும் நீர்மம் உடலுக்குள்ளும் கல்லைக் கரைக்கும் என்று அவர் கொண்டார். ஈதர் ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகும். உடலின் வெப்பமோ 37 பாகை. விழுங்கிய ஈதர் இரைப்பையிலேயே ஆவியாகிக் குருதியில் கலந்து மூச்சுவழி வெளியேறிவிடும். பித்தப்பைக்குள் தேங்கி நிற்கும் பித்தநீரில், கல்லைக் கரைக்கும் அளவு ஈதர் சேர வழியே இல்லை. ஆயினும் நோயாளிகள் குணமடைந்ததாகத் துராந்து எழுதினார். அதில் பொய் இல்லை. பித்தப்பை வலி அலையலையாக வந்து தானே தணியும் இயல்புடையது. ஈதருக்கு வலி தணிக்கும் ஆற்றலும் உண்டு. வலி நின்றதைக் கல் கரைந்ததாகக் கொள்வது, கல்லைக் காணும் கருவி இல்லாத காலத்தில் தவிர்க்க இயலாத மயக்கமே.

ஈதர் இத்துடன் மறைந்துவிடவில்லை. அதனை விழுங்காமல் கல் இருக்கும் இடத்துக்கே நேரடியாகச் செலுத்தினால் என்ன என்னும் எண்ணம் 1891இல் ‘லேன்செட்’ இதழில் வெளியான வாக்கரின் குறிப்பில் காணப்படுகின்றது. 1930களில் பிரிப்ரம் என்னும் அறுவை மருத்துவர், அறுவைக்குப்பின் பித்தநாளத்தில் விடப்பட்ட குழாய்வழி ஈதரைச் செலுத்தி எஞ்சிய கற்களைக் கரைத்தார். கரைப்பான் மாறவில்லை, பாதைதான் மாறியது. இந்த நுட்பமான மாற்றம் ஐம்பதாண்டுகள் கழித்து வேறோர் ஊரில் முழுமை பெற்றதைப் பின்னர்க் காண்போம்.

நீரூற்றும் எண்ணெயும்

19ஆம் நூற்றாண்டின் செல்வர்கள் பித்தக்கல்லுக்கு நாடிச் சென்ற இடங்கள் பொகீமியாவின் கார்ல்ஸ்பாடு, பிரான்சின் விஷி போன்ற கனிமநீர் ஊர்களாகும். இன்று கார்லோவி வாரி என வழங்கும் கார்ல்ஸ்பாட்டின் வெந்நீர் ஊற்றுகளில் சோடியம் சல்பேட்டு மிகுதி. அது மலமிளக்கியாகச் செயற்படும். கல்லைக் கரைக்கும் ஆற்றல் அதற்கில்லை. ஆனால் அங்குச் சென்றவர்கள் வாரக்கணக்கில் அளவோடு உண்டனர், நடந்தனர், ஓய்வெடுத்தனர். கொழுப்புணவு குறைந்தால் பித்தப்பை வலுவாகச் சுருங்குவதும் குறையும், வலியும் குறையும். நீரூற்று ஊர்களின் புகழுக்கு இதுவே போதுமானது.

ஆலிவ் எண்ணெய் மருத்துவத்தின் கதை இன்னும் சுவையானது, தீங்கும் நிறைந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெருமளவு ஆலிவ் எண்ணெயைக் குடிக்கச் செய்து, மறுநாள் மலத்தில் வெளிப்பட்ட மென்மையான பச்சை உருண்டைகளைப் பித்தக்கற்கள் எனக் காட்டும் வழக்கம் பரவியது. அது இன்றும் ஓயவில்லை. எலுமிச்சைச் சாறும் எப்சம் உப்பும் ஆப்பிள் சாறும் சேர்த்துப் புதுப் பெயர்களில் உலவுகின்றது. நியூசிலாந்தைச் சேர்ந்த இருவர் 2005இல் ‘லேன்செட்’ இதழில் வெளியிட்ட குறிப்பு இவ்வுருண்டைகளின் உண்மையை வெளிப்படுத்துகின்றது. 600 மில்லிலிட்டர் ஆலிவ் எண்ணெயும் 300 மில்லிலிட்டர் எலுமிச்சைச் சாறும் பருகிய 40 வயதுப் பெண்ணொருவர் கொண்டுவந்த உருண்டைகள் ஆய்வு செய்யப்பட்டன. அவற்றில் கொலஸ்ட்ராலோ பிலிரூபினோ கால்சியமோ இல்லை; நான்கில் மூன்று பங்கு கொழுப்பமிலமே இருந்தது. 40 பாகை வெப்பத்தில் பத்து நிமிடத்தில் அவை உருகி எண்ணெயாயின. குடித்த எண்ணெய் செரிமானச் சாறுகளாலும் சாற்றிலிருந்த உப்புகளாலும் சோப்பாக மாறிய உருண்டைகள் அவை. அப்பெண்ணின் பித்தப்பைக் கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பின்னர் அறுவையால் நீக்கப்பட்டன.

இம்முறை பயனற்றது என்பதோடு விட்டுவிட இயலாது. கொழுப்பு குடலை அடைந்ததும் கொலிசிஸ்டோகைனின் என்னும் இயக்குநீர் சுரந்து பித்தப்பையைச் சுருக்கும். இவ்வியக்குநீரை ஐவி, ஓல்டுபெர்க் ஆகியோர் 1928இல் கண்டறிந்தனர். கல் நிறைந்த பித்தப்பையை அரை லிட்டர் எண்ணெயால் சுருங்கச் செய்தால் சிறுகல் நழுவிப் பித்தநாளத்தில் சிக்கிக்கொள்ளலாம். காமாலையும் கணைய அழற்சியும் தொடரலாம். வலியில்லாதிருந்த ஒருவரை அவசர அறுவைக்கு உரியவராக ஆக்கும் ஆற்றல் இந்த ‘இயற்கை’ முறைக்கு உண்டு.

கத்தியின் வருகை

அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் ஜான் பாப்ஸ் 1867இல் ஒரு பெண்ணின் பித்தப்பையைத் திறந்து கற்களை எடுத்துத் தைத்தார். 1882 ஜூலை 15 அன்று பெர்லினின் லாசரசு மருத்துவமனையில் கார்ல் லாங்கன்பூக் பித்தப்பையையே அகற்றினார். இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு நம் பொருளுக்கு இன்றியமையாதது. கல் என்பது நோயன்று, கல்லை ஆக்கும் பையே நோயின் இருப்பிடம் என்பது லாங்கன்பூக்கின் வாதம். அவ்வாதம் சரியெனின், கல்லை மட்டும் கரைக்கும் எம்மருத்துவமும் அரைகுறையானதே. நூறாண்டுகள் கழித்துக் கரைப்பு மருத்துவத்தின் மீது வைக்கப்பட்ட முதன்மைக் குற்றச்சாட்டும் இதுவே.

எனினும் அறுவை அச்சமூட்டுவதாகவே நீடித்தது. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த அந்தோனி ஈடன் 1953 ஏப்ரலில் பித்தப்பை அறுவைக்கு உட்பட்டார். அதில் பித்தநாளம் காயமுற்று, பாஸ்டன் நகருக்குச் சென்று மறு அறுவை செய்துகொள்ள நேர்ந்தது. அடிக்கடி மீளும் காய்ச்சலும் நோயும் 1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடிக் காலத்திலும் அவரை விடவில்லை. நாட்டின் உயர்நிலையில் இருந்தவருக்கே இது நேரக்கூடும் என்னும்போது, மாத்திரையால் கல் கரையும் என்ற நம்பிக்கைக்கு மக்கள் ஏங்கியதில் தவறில்லை.

வாத்தும் கரடியும்

பித்தநீரில் கொலஸ்ட்ரால் கரைந்து நிற்பதற்குப் பித்த உப்புகளும் லெசித்தினும் துணைபுரிகின்றன. ஆகவே பித்த உப்பை மிகுதியாகக் கொடுத்தால் கல் கரையலாம் என்னும் எண்ணம் பழையது. 1876இலேயே டாப்னி என்னும் அமெரிக்க மருத்துவர் இதனை எழுதியுள்ளார். 1937இல் ரூபிரிட்ஜ், பித்த உப்பை நீண்டநாள் உட்கொண்ட நோயாளிகள் சிலரின் எக்ஸ்-கதிர்ப் படங்களில் கற்களின் நிழல் மறைந்ததைப் பதிவு செய்தார். துராந்துக்கு வாய்க்காத ஒன்று ரூபிரிட்ஜுக்கு வாய்த்தது: நோயாளியின் சொல்லை மட்டும் நம்பாமல், கல் மறைந்ததைப் படத்தில் காணும் வசதி. ஆயினும் அவரது கட்டுரை முப்பதாண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1968இல் அட்மிரண்ட், ஸ்மால் ஆகியோர் கொலஸ்ட்ரால், லெசித்தின், பித்த உப்பு ஆகிய மூன்றின் விகிதத்தை முக்கோண வரைபடத்தில் காட்டினர். எவ்விகிதத்தில் கொலஸ்ட்ரால் கரைந்து நிற்கும், எவ்விகிதத்தில் படிகமாகும் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. இதனையடுத்து அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் டான்சிங்கர், ஹாஃப்மன், ஷோன்ஃபீல்டு, திசில் ஆகியோர் கீனோடீஆக்சிகோலிக் அமிலத்தை ஏழு பெண்களுக்கு வாய்வழியே கொடுத்தனர். நால்வரின் கற்கள் அளவிலோ எண்ணிக்கையிலோ குறைந்தன. 1972இல் வெளியான இவ்வறிக்கை மருத்துவ உலகில் பேரெதிர்பார்ப்பை எழுப்பியது. அதே ஆண்டில் இலண்டனிலிருந்து பெல், விட்னி, டௌலிங் ஆகியோரும் ஒத்த முடிவை வெளியிட்டனர். இங்கே பாதை பற்றிய சிக்கல் இல்லை என்பது நோக்கத்தக்கது. விழுங்கிய பித்த அமிலத்தைக் குடல் உறிஞ்சும், கல்லீரல் அதனைப் பித்தநீரிலேயே சுரக்கும். கல்லுக்கு அனுப்பும் தூதை உடலே ஏற்றுச் செய்கின்றது.

எதிர்பார்ப்பை அளந்து பார்த்தது 1981இல் முடிவுகள் வெளியான அமெரிக்கத் தேசியக் கூட்டு ஆய்வு. 916 நோயாளிகள் மூன்று பிரிவாக ஈராண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். நாளொன்றுக்கு 750 மில்லிகிராம் பெற்றோரில் கல் முற்றிலும் கரைந்தவர் 13.5 விழுக்காட்டினர், 375 மில்லிகிராம் பெற்றோரில் 5.2, வெற்று மாத்திரை பெற்றோரில் 0.8. வயிற்றுப்போக்கும், ஒரு சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும், குருதிக் கொலஸ்ட்ரால் உயர்வும் காணப்பட்டன. கொடுத்த அளவு போதாது என ஐரோப்பிய ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயமும் உண்டு. ஆயினும் ஈராண்டு மருந்துண்டு எழுவரில் ஒருவருக்கே முழுப்பயன் என்னும் கணக்கு பொதுமக்களின் நம்பிக்கையைத் தளர்த்தியது. 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்து பரவலாகவில்லை. பின்னாளில் அதே அமிலம் மிக அரிய மரபுநோய் ஒன்றுக்கு மருந்தாக மறுபிறவி எடுத்ததும், அதன் விலையைக் கடுமையாக உயர்த்தியதற்காக அதனை விற்ற நிறுவனத்துக்கு 2021இல் நெதர்லாந்தின் போட்டி ஆணையம் தண்டம் விதித்ததும் தனிக்கட்டுரைக்கு உரியவை.

இரண்டாவது அமிலத்தின் வரலாறு கிழக்காசியாவிலிருந்து வந்தது. ‘கீனோ’ என்பது கிரேக்கத்தில் வாத்தினப் பறவையைக் குறிக்கும். ‘உர்சோ’ என்பது இலத்தீனில் கரடியைக் குறிக்கும். சீன, சப்பானிய மருத்துவங்களில் கரடியின் பித்தம் நெடுங்காலமாகக் கல்லீரல், வயிற்று நோய்களுக்கு வழங்கிவந்தது. 1927இல் சப்பானின் ஒக்கயாமாவில் ஷோடா கரடிப் பித்தத்திலிருந்து ஓர் அமிலத்தைப் படிகமாகப் பிரித்து உர்சோடீஆக்சிகோலிக் அமிலம் எனப் பெயரிட்டார். 1950களில் அதனைச் செயற்கையாக ஆக்கும் முறை கண்டறியப்பட்டு, சப்பானில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1975இல் மக்கினோ முதலியோர் அது பித்தக்கல்லைக் கரைப்பதை அறிவித்தனர். முன்னதைவிடப் பக்கவிளைவு குறைந்த இம்மருந்து 1987 இறுதியில் அமெரிக்க ஒப்புதலைப் பெற்றது. மாட்டுப் பித்தத்திலிருந்து மலிவாக ஆக்கத்தக்க இப்பொருளுக்காக இன்னமும் ஆசியாவின் சில நாடுகளில் கரடிகள் கூண்டில் அடைக்கப்பட்டுப் பித்தம் வடிக்கப்படுவது, மரபு மருத்துவத்தின் மீது மதிப்புள்ளோரும் கண்டிக்கவேண்டிய கொடுமையாகும்.

கால்சியம் படியாத சிறிய கொலஸ்ட்ரால் கற்கள், இயங்கும் பித்தப்பை, பல மாதப் பொறுமை ஆகியன அமையப்பெற்றோரிடத்து இம்மருந்து நன்கு செயற்பட்டது. மருந்தை நிறுத்திய ஐந்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கல் மீண்டும் தோன்றியது. லாங்கன்பூக்கின் வாதம் இவ்வாறு திரும்பி வந்தது.

1985ஆம் ஆண்டு

இவ்வரலாற்றில் ஒரே ஆண்டில் மூன்று பாதைகள் சந்தித்துப் பிரிந்தன.

மாயோ மருத்துவமனையின் ஆலன், திசில் முதலியோர் மெதில் டெர்ட்-பியூட்டைல் ஈதர் என்னும் கரைப்பானை, கல்லீரல் வழியாகப் பித்தப்பைக்குள் நுழைத்த மெல்லிய குழாயால் செலுத்திக் கற்களைச் சில மணி நேரங்களில் கரைத்ததாக அவ்வாண்டு அறிவித்தனர். பெட்ரோலில் சேர்க்கப்படும் பொருள் அது. 55 பாகையில் கொதிப்பதால் உடல் வெப்பத்தில் நீர்மமாகவே நிற்கும். துராந்துக்குத் தடையாக நின்ற ஆவியாதலும் பாதையும் ஒருங்கே தீர்க்கப்பட்டன. 1989இல் வெளியான 75 நோயாளிகள் பற்றிய அறிக்கையில் 72 பேருக்குக் கல்லின் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதி கரைந்திருந்தது. திஜோன் மருத்துவரின் எண்ணம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது எனலாம். ஆனால் எளிதில் தீப்பற்றும் நீர்மத்தை மருத்துவர் மணிக்கணக்கில் அருகிருந்து செலுத்தி உறிஞ்ச வேண்டியிருந்தது. அது குடலுக்குள் கசிந்தால் நோயாளி மயங்கும் வாய்ப்பும் இருந்தது. கைத்திறனும் நேரமும் மிகுதியாக வேண்டும் இம்முறை ஒருசில மருத்துவமனைகளைக் கடந்து செல்லவில்லை.

அதே ஆண்டு செருமனியின் மியூனிக் நகரில் பித்தப்பைக் கல் உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையால் உடைக்கப்பட்டது. சிறுநீரகக் கல்லுக்கு அந்நகரிலேயே 1980இல் தொடங்கிய முறை இது. சவர்பிரூக், பௌம்கார்ட்னர் முதலியோரின் முதல் அறிக்கை 1986இல் வெளிவந்தது. 1988இல் 175 நோயாளிகளின் முடிவுகள் வந்தன. பித்த அமிலத்துடன் சேர்த்து ஓராண்டுக்கு மேல் தொடர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கல் முற்றிலும் நீங்கியிருந்தது. ஆனால் 600 பேரை உட்படுத்திய அமெரிக்க ஆய்வு 1990இல் தந்த விடை வேறு: ஆறு மாதத்தில் பித்த அமிலத்துடன் கல் நீங்கியவர் 21 விழுக்காட்டினர், அமிலமின்றி 9 விழுக்காட்டினர். கால எல்லையும் நோயாளித் தெரிவும் வேறுபட்டமையால் இவ்விரு எண்களையும் நேர்நேராக ஒப்பிடுதல் கூடாது. எனினும் சிறுநீரகக் கல்லுக்கும் பித்தக்கல்லுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை இவை உணர்த்துகின்றன. உடைந்த சிறுநீரகக் கல்லை நீரோட்டம் அடித்துச் செல்லும். பித்தப்பை முட்டுச் சந்து போன்றது. உடைந்த துகள்கள் அங்கேயே தங்கும், இல்லையேல் குறுகிய நாளத்தில் சிக்கும்.

மூன்றாம் நிகழ்வு மியூனிக்கிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள போப்லிங்கன் என்னும் சிற்றூரில் 1985 செப்டம்பர் 12 அன்று நிகழ்ந்தது. எரிக் மூஹ சிறு துளைகளின் வழியே கருவிகளைச் செலுத்திப் பித்தப்பையை அகற்றினார். செருமனிய அறுவை மருத்துவச் சங்கத்தில் அவர் எடுத்துரைத்தபோது ஐயமும் ஏளனமுமே எஞ்சின. பின்னர் நீதிமன்ற வழக்கையும் அவர் எதிர்கொண்டார். 1987இல் லியோன் நகரின் பிலிப் மூரே நிகழ்த்திய அறுவையும், அதனைத் தொடர்ந்த துய்புவா, பெரிசா ஆகியோரின் பணியுமே அம்முறையை உலகெங்கும் பரப்பின. பெரிய வடுவும் பத்து நாள் படுக்கையும் இல்லையென்றானபின், ஈராண்டு மாத்திரைக்கோ மீளும் கல்லுக்கோ இசைவோர் குறைந்தனர். பெரும் பொருட்செலவில் நிறுவப்பட்ட பித்தக்கல் அதிர்வலைக் கருவிகள் சில ஆண்டுகளிலேயே பயனற்று நின்றன. கரைப்பு மருத்துவம் தன் குறையால் மட்டும் வீழவில்லை. தான் எதிர்த்து நின்ற கத்தி உருமாறியதால் வீழ்ந்தது. 1970களின் அறுவை மாறாதிருந்திருப்பின், இன்றைய மருத்துவமனைகளில் ஈதர்க் குழாய்க்கும் அதிர்வலைக்கும் உரிய இடம் வேறாக இருந்திருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அறுவையற்ற மருத்துவம் முழுவெற்றி பெற்ற களம் ஒன்றும் உண்டு. அது பித்தப்பையன்று, பித்தநாளம். 1974இல் செருமனியின் எர்லாங்கனில் கிளாசனும் டெம்லிங்கும், சப்பானின் கியோத்தோவில் கவாயும் எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாளத்தின் வாய்த்தசையை வெட்டிக் கல்லை வெளியேற்றினர். நாளத்தில் சிக்கிய கல்லுக்கு இதுவே இன்று உலகெங்கும் முதல் மருத்துவம்.

பேசாக் கற்கள்

மிகப் பெரும் எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கத்தியிலிருந்து காத்தது எந்த மருந்துமன்று. மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களிடையே பரிசோதனையில் தற்செயலாகக் கல் கண்டறியப்பட்ட, வலியேதுமற்ற 123 பேரைக் கிரேசியும் ரான்சோஹாஃபும் தொடர்ந்து நோக்கினர். பதினைந்து ஆண்டுகளில் பித்தவலி தோன்றும் வாய்ப்பு 18 விழுக்காடே என அவர்கள் 1982இல் வெளியிட்டனர். பெரும்பான்மையும் ஆண்களைக் கொண்ட குழு என்பதால் இவ்வெண்ணை எல்லோருக்கும் அப்படியே பொருத்த இயலாது. ஆனால் பின்வந்த ஆய்வுகளும் இதன் போக்கை மறுக்கவில்லை. 1992இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஒருமித்த கருத்து அறிக்கை, வலியற்ற கற்களுக்குப் பொதுவாக மருத்துவம் வேண்டா என்றது. ஸ்கேன் கருவி பெருகப் பெருக இவ்வாய்வின் மதிப்பும் பெருகுகின்றது. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் கல் தென்பட்டவுடன் அச்சுறுவோரே எண்ணெய் மருத்துவத்தின் முதல் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு எம்மருத்துவமும் ‘பலித்துவிடும்’. ஏனெனில் மருந்தே இன்றியும் அவர்களுள் பெரும்பாலோர்க்கு வலி வந்திராது. துராந்தின் மயக்கம் வேறு வடிவில் தொடர்கின்றது.

தென்னிந்தியக் கல்

மேற்கண்ட மருந்துகள் அனைத்தும் கொலஸ்ட்ரால் கல்லை நோக்கி ஆக்கப்பட்டவை. பித்த அமிலமோ ஈதரோ பிலிரூபின் என்னும் நிறமியாலாகிய கல்லைக் கரைப்பதில்லை. 1968இல் மல்கோத்ரா இந்திய இரயில்வே ஊழியரிடையே நிகழ்த்திய ஆய்வு, தென்னிந்தியரைவிட வட இந்தியரிடம் பித்தப்பைக் கல் ஏழு மடங்கு மிகுதி எனக் காட்டியது. கல்லின் வகையிலும் வேறுபாடு உண்டு: வடக்கே கொலஸ்ட்ரால் கற்களும், தெற்கே நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் மிகுதி எனப் பிற்கால ஆய்வுகள் கூறின. மாயோவிலும் மியூனிக்கிலும் வகுத்த மருத்துவம் இங்கு அப்படியே வந்திருப்பினும், தமிழகத்து நோயாளருள் கணிசமானோர்க்கு அது தொடக்கத்திலேயே பொருந்தியிராது. கரைப்பு மருத்துவத்தின் வரலாற்றை எழுதும் மேலை நூல்கள் இதனைப் பொருட்படுத்துவதில்லை.

சொல்லாலும் ஒரு தீங்கு விளைகின்றது. சித்த மருத்துவம் கல்லடைப்புக்கு வகுத்த சிறுபீளை, நெருஞ்சில், மாவிலங்கம் ஆகியன சிறுநீரைப் பெருக்கி, சிறுநீர்ப் பாதையை நோக்கிச் செயற்படும் மூலிகைகளாகும். சிறுநீரக் கல்லும் பித்தப்பைக் கல்லும் ‘கல்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதால், இம்மூலிகைகளை இரண்டிற்கும் பொதுவாகப் பரிந்துரைக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. ஒன்று பெரும்பாலும் கால்சியம் உப்பாலானது, நீர் ஓடும் பாதையில் இருப்பது. மற்றொன்று கொலஸ்ட்ராலோ நிறமியோ ஆனது, முட்டுச் சந்தில் இருப்பது. பழைய மருத்துவ நூல்கள் செய்யாத உரிமைக்கோரலை அவற்றின் மீது ஏற்றுவது அந்நூல்களுக்கும் செய்யும் அநீதியே.

தமிழ் மருத்துவம் மிக நெருக்கமாக அறிந்த பித்தக்கல் மனிதருடையதன்று, மாட்டினுடையது. கோரோசனை எனப்படும் அக்கல் குழந்தைகளுக்கான மாத்திரைகளில் இன்றும் சேர்க்கப்படுகின்றது. சீன மருத்துவத்திலும் அதற்குப் பெருமதிப்பு உண்டு. அது முதன்மையாகப் பிலிரூபினால் ஆன நிறமிக்கல். விலங்கின் பித்தப்பையில் கல் விளைவதை அறிந்து, அதனை எடுத்து, உலர்த்தி, மருந்தாக்கிய மரபில், மனிதப் பித்தப்பையிலும் அவ்வாறே கல் விளையலாம் என்னும் கேள்வி எழுந்ததா என்பதைச் சித்த மருத்துவச் சுவடிகளின் கோரோசனைக் குறிப்புகளையும் பித்த நோய்க் குறிகுணப் பகுதிகளையும் ஒருசேர வைத்துப் படித்தே அறிய இயலும்.